ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி

அந்த ரம்பத்தைக் கொஞ்சம் நிறுத்து சூசை. இரைச்சல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துவிடாதே. இரைச்சலிலேயே வாழ்ந்தவன் நான். மணிக்கூண்டுக்குக் கீழே நின்று மைக் இல்லாமல் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஆனால் இப்போது சொல்லப்போவது அளவு விஷயம். ஒரு விரற்கடை தப்பினாலும் வேலை கெட்டுப்போகும்.

எனக்கு ஒரு பெட்டி வேண்டும். ஆள் நீளத்துக்கு.

அப்படிப் பார்க்காதே. சாவுக்கான பெட்டி இல்லை. நான் இப்போதைக்குச் சாவதாகவும் இல்லை. ஆள் படுக்கிற மாதிரிப் பெட்டி செய்யத் தெரிந்தவன் இந்தத் திண்டுக்கல்லில் நீ ஒருத்தன்தான் என்பதால் வந்தேன். ஆனால் உன் வழக்கமான பெட்டி உதவாது. உள்ளே உருண்டையாக இருக்க வேண்டும், குகை மாதிரி. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். படுக்கிற பலகை தனி. அது சின்னச் சக்கரங்களில் ஓட வேண்டும், உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும். ஆணி அடிக்காதே. அது காந்த எந்திரம், இரும்பு ஆகாது. நிஜ எந்திரத்துக்குத்தான் ஆகாது, இது வெறும் மரம்தானே என்கிறாயா? சரி, அடி. உனக்குத் தெரிந்ததைச் செய்.

இந்தா, இதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, இதில் படம் போட்டுக்கொள். முன்பக்கம் நான் எழுதிய நோட்டீஸ். அதை இப்போது படிக்க வேண்டாம். படிப்பதென்றால் படி, தமிழ் நன்றாகத்தான் இருக்கும். 'ஏழைக் குழந்தைக்குப் பலகை, பணக்காரக் குழந்தைக்கு எந்திரம்' என்று தலைப்பு. வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், அவசரப்படாதே.

உன் அப்பாவுக்கு என்னைத் தெரியும். நோட்டீஸ் சவரியப்பன் என்றால் பேகம்பூரில் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று மாட்டுத்தோலை மிதித்தவன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது வாத்தியார் இல்லை, சங்கத்து நோட்டீஸ்கள். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்ததைக்கூடப் பிரித்துப் படிப்பேன். உழைப்பு என்றால் என்ன, சுரண்டல் என்றால் என்ன என்று அதில்தான் கற்றேன். பிறகு நானே எழுதினேன். நான் எழுதிய நோட்டீசைப் படித்துவிட்டு ஒரு சப் இன்ஸ்பெக்டர், யார்யா இதை எழுதின வக்கீல் என்று கேட்டான். நான்தான் என்றேன். அதற்கு ஓர் அறை விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன், அது தெரியாவிட்டால் மற்றது உனக்குப் புரியாது. தோல் கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் என்று போர்டு மாட்டியிருந்தான் முதலாளி. நீலப் பெயிண்ட் அடித்த பெரிய மோட்டார். அதிகாரி வந்தால் சுவிட்சைப் போடுவான், அது உறுமும். அதிகாரி தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிவிடுவான். எனக்குச் சந்தேகம். ஒருநாள் கடப்பாரையை எடுத்துத் தோண்டினேன். மோட்டாரிலிருந்து கிளம்பின குழாய் ஒரு முழம் மண்ணுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. எதோடும் சேரவில்லை. வெறும் சத்தம், சூசை. சத்தம் போடுவதற்காகவே ஒரு எந்திரம். தண்ணீர் பூராவும் பின்பக்கமாக எங்கள் கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தது.

அடித்து நொறுக்கினேன். தடுக்க வந்த மேஸ்திரியின் கையையும் சேர்த்துத்தான். அவன் எலும்பு முறிந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது, பச்சை மூங்கில் ஒடிகிற மாதிரி. அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. கூலிக்கு வாலாட்டுகிறவன் கை அது. மறுநாள் போலீஸ் ஷாப் கேட்டுக்குள் புகுந்து அடித்தது. தோலுக்கு உப்புப் போடுகிற தரையெல்லாம் ரத்தம். என் காறை எலும்பு இரண்டாகப் போயிற்று, தகடு வைத்துத் திருகினார்கள். இங்கே தொட்டுப் பார், இரும்பு தட்டுப்படும். ஆனால் யார் சரி? நான்தான் சரி. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தபோது ஊரே சொன்னது. அன்றிலிருந்து சத்தம் மட்டும் போடுகிற எந்திரத்தை நான் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள், பிலோமி. அவளுக்கு ஒரே மகள், ஜெசிந்தா. ஏழு வயது. நான் அதைத் தோழர் என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு வந்த புதிதிலேயே கையை மடக்கி உயர்த்தக் கற்றுக்கொடுத்தேன். யாருக்கும் அடங்கிப் படுக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அதன் அப்பன் லாரன்ஸ் இருக்கிறானே, அவன் கருங்காலி. கடைசி வேலைநிறுத்தத்தில் ஷாப்பின் பின்சுவர் ஏறிக் குதித்து வேலைக்குப் போனவன். என் வீட்டிலேயே சோற்றைத் தின்றுவிட்டு. விடுவேனா? தெருக் குழாயடியில் பிடித்தேன். குழந்தை அவன் தோளில் இருந்தது. இறக்கிவிடடா என்றேன், இறக்கவில்லை, கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டான். ஒரு கையால் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் அடித்தேன். இரண்டு பல் போயிற்று அவனுக்கு. தெருவே பார்த்தது. குழந்தை மேல் ஒரு கீறல் கிடையாது, அதைக் கவனி. அவ்வளவு கோபத்திலும் நான் அதைப் பத்திரமாகப் பிடித்திருந்தேன். லாரன்ஸ் அன்றைக்கே வேடசந்தூருக்குப் போய்விட்டான். பிலோமி என்னோடு இருந்துவிட்டாள். எங்கே போவாள்?

குழந்தைக்கு வலிப்பு அதற்குப் பிறகு வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டாக்டரே சொன்னார். பிறக்கும்போதே மூளையில் ஒரு தழும்பு, பயறு அளவுக்கு. கண் ஒருபக்கமாகச் செருகும். வாய் கோணும். இடது கை துள்ளும், தண்ணீரிலிருந்து எடுத்த மீன் மாதிரி. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. இன்னொரு குணமும் உண்டு. நான் பேசும்போது கையைத் தூக்கினால் அது கண்ணை இறுக்கி மூடித் தோளுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். அதுவும் நோயின் குணம் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், தழும்பு எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பிள்ளை மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடியாடும் என்று. தெரியாமல் கத்தி வைக்க முடியாது. தெரிவதற்கு அந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் வேண்டும். நீ பார்த்திருக்கிறாயா? குகை மாதிரி இருக்கும். தலைக்கு ஒரு கூண்டு மாட்டி உள்ளே தள்ளுவார்கள். உள்ளே இரும்புப் பட்டறை மாதிரிச் சத்தம். கோயிலில் பாதிப் பூசை நேரம், அரை மணி போல, தலை அசையக்கூடாது. ஒரு நெல் அளவு அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அது எனக்குச் சட்டென்று விளங்கியது. அச்சாபீசில் தாள் விழுகிற நேரத்தில் அசைந்தால் எழுத்து இரட்டையாக விழும். போராட்டம் என்று போட்டது பேய் எழுதின மாதிரி நிற்கும். அந்தத் தாளைக் கிழித்துப் போடத்தான் வேண்டும். அப்படித்தான் ஆயிற்று எங்கள் தோழரின் முதல் படமும். சத்தம் ஆரம்பித்தவுடன் குழந்தை துடித்துவிட்டது. படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். மூளைக்குள் வளையம் வளையமாக, குளத்தில் கல் எறிந்த மாதிரி. தழும்பு எங்கே என்று கடவுளுக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் உள்ளே போய்க் கையைப் பிடித்திருந்தால் அது பயந்திருக்காது. என்னை விடவில்லை. காறை எலும்பில் தகடு இருக்கிறது, காந்த அறைக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். போலீஸ் உடைத்த எலும்புக்காக ஆஸ்பத்திரி என்னை வெளியே நிறுத்துகிறது. இதை எந்த நோட்டீசில் எழுதுவது, சொல். பிலோமி போனாள். அவளுக்கு என்ன தெரியும், கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் தெரியும்.

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாமே என்று நானும் கேட்டேன். குழந்தைக்கு இழுப்பு உண்டு, சளிக்காலத்தில் நெஞ்சு விசிலடிக்கும். மயக்க டாக்டர் யோசித்தார். முடியாது என்றில்லை, ஆனால் விழித்தபடியே எடுக்க முடிந்தால் நல்லது என்றார். ஸ்கேன் அறையில் பர்வீன் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். ஒல்லியான பெண், சத்தமாகப் பேசவே பேசாது. குழந்தைகளைப் பழக்கினால் அசையாமல் இருப்பார்கள், சில நாள் கூட்டி வாருங்கள் என்று பிலோமியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சத்தம் அதிகமா என்றும் கேட்டாளாம். பிலோமி இல்லை என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

என்ன பழக்குகிறார்கள் என்று பிலோமி என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், விளையாட்டுக் காட்டுகிறார்கள் அப்பா என்பாள். குழந்தையும் வீட்டில் புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தது. திடீரென்று ஸ்டாச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அப்படியே நிற்கும். சோறு வாயில் இருக்கும், மெல்லாது. ஒருநாள் நான் பிலோமியைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன், ஏதோ குழம்பு விஷயம், தட்டு பறந்தது. திரும்பிப் பார்த்தால் இது கதவோரம் ஸ்டாச்சு. இமைகூட ஆடவில்லை. நான் சிரித்துவிட்டேன். தோழர் அறப்போர் செய்கிறார் என்றேன்.

எதையும் நேரில் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது என் கொள்கை. ஒருநாள் நானும் அவர்களுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் போனேன்.

ஸ்கேன் பிரிவில் ஒரு நீளமான வராந்தா. பெரிய இரும்புக் கதவுக்குப் பின்னால் நிஜ எந்திரம், அது எனக்குத் தெரியும். ஆனால் சத்தம் அங்கேயிருந்து வரவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறை. டக் டக் டக், பிறகு ர்ர்ர் என்று. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஒரு வளையம். அதற்குள் என் பேத்தி. தலைக்குப் பிளாஸ்டிக் கூடையை வெட்டிச் செய்த கூண்டு. வளையத்தின் ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் என்ன தெரிகிறது? பிளைவுட். உனக்குத் தெரியாததா, அடுக்கடுக்காக. சத்தம் எங்கிருந்து வருகிறது? மூலையில் ஸ்பீக்கர். கையை நீட்டி வளையத்தைத் தட்டினேன். காலித் தகரம் மாதிரி ஒலித்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நீலப் பெயிண்ட் மோட்டார். ஒரு முழத்தில் நின்றுபோன குழாய். இலவசத்துக்கு வருகிற குழந்தைகளை இங்கே பலகைக்குள் படுக்கவைத்துச் சத்தம் காட்டி அனுப்புகிறார்கள், பணம் கொடுக்கிறவன் பிள்ளை இரும்புக் கதவுக்குப் பின்னால் போகிறது. படம் தெளிவாக இல்லை என்று எங்களை அலையவிடுவது இதனால்தான். வேறு எப்படி நினைக்க முடியும்? கதவில் இது பயிற்சி அறை என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார்களா? இல்லை. சிங்கமும் முயலும்தான் ஒட்டியிருந்தார்கள்.

வராந்தாவில் நின்று பேசினேன். ரொம்ப நாளாயிற்று அப்படிப் பேசி. தொண்டை தானாகத் திறந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு இவர்கள் காட்டுவது எந்திரமா, எந்திரத்தின் பொம்மையா என்று கேட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். மொட்டைத் தலைப் பையனை மடியில் வைத்திருந்த ஒரு தாய் எழுந்தாள், ஒட்டன்சத்திரத்து ஆள் ஒருவன் எழுந்தான். பர்வீன் வெளியே ஓடி வந்து, ஐயா, ஐயா, கொஞ்சம் கேளுங்க என்றாள். இந்த ஐயா எனக்குத் தெரியும். முதலாளியும் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது ஐயா என்றுதான் ஆரம்பிப்பான்.

குளுக்கோஸ் மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்று சுவரோரம் நின்றது. எடுத்தேன்.

முதல் அடியில் வளையத்தின் மேல்பக்கம் பிளந்தது. இரண்டாவதில் ஸ்பீக்கர். மூன்றாவது, நாலாவது எல்லாம் கணக்கில்லை. பலகை சிதறிச் சுவரில் அடித்தது. கண்ணாடி ஒன்று இருந்தது உள்ளே, குழந்தை அதில் பொம்மைப் படம் பார்ப்பதற்காம், அது பொடிப்பொடியாகப் போயிற்று. ஒட்டன்சத்திரத்தான் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தான். யாரோ, உள்ள புள்ள இருக்குயா, உள்ள புள்ள இருக்கு என்று கத்தினார்கள். கூட்டத்தில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். அதோடு, குழந்தை இருப்பது எனக்குத் தெரியாதா? கால்மாட்டில் பிலோமி விழுந்து கிடந்தாள், அதனால் அந்தப் பக்கம் நான் அடிக்கவில்லை. தலைமாட்டுப் பக்கம்தான் அடித்தேன்.

பர்வீன் நடுவில் புகுந்தாள். வளையத்தின் வாயை உடம்பால் அடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். ஸ்டாண்டு அந்தக் கையில் விழுந்தது. அவள் நீட்டினாள், நான் குறிவைக்கவில்லை. பச்சை மூங்கில் சத்தம் மறுபடியும் கேட்டது. அப்போதுதான் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது.

எல்லாம் அடங்கின பிறகு குழந்தையை வெளியே இழுத்தார்கள். மேலெல்லாம் மரத்தூள். நெற்றியில் ஒரு சின்ன விளக்கை ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார்கள், அது எரிந்துகொண்டிருந்தது. கண் திறந்தபடி. அசைவே இல்லை. பிலோமி நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு அலறினாள், மூச்சு இருந்ததற்கா இல்லாததற்கா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மூச்சு இருந்தது. இந்த விளக்கு வெளிச்சம் குகையின் கூரையில் ஒட்டிய ஒரு நட்சத்திரத்தின் மேலேயே விழ வேண்டுமாம், விலகினால் தோல்வி, அதுதான் விளையாட்டாம். பிறகு சொன்னார்கள். கூரையே இல்லை, நட்சத்திரம் எங்கே இருக்கும்? ஆனாலும் அந்தப் பிள்ளை அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அத்தனை அடிக்கும் இம்மி அசையவில்லை, சூசை. எந்தப் போராளியால் முடியும்? நம் ரத்தம் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் அது வாயைத் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஒடிந்த கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த பர்வீனைப் பார்த்துக் கேட்டது.

"அக்கா, நான் அசையலதானே?"

பர்வீன், "இல்லடா தங்கம், நீதான் ஜெயிச்ச" என்றாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடு. இந்த மரத்தூள் தொண்டையில் உட்காருகிறது.

போலீஸ் வந்தது. எழுதிக்கொள்ளத் தயாராக நின்றார்கள். பர்வீன், பலகை சரிந்து கையில் விழுந்துவிட்டது, இவர் மேல் புகார் இல்லை என்றாள். பார்த்தாயா? தப்பு அவர்கள் பக்கம் இல்லாவிட்டால் ஏன் விடுகிறாள்? அந்தக் கோணத்தில்தான் நோட்டீசே எழுதினேன். அச்சாபீசிலிருந்து நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் பிலோமி துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்று நிதானமாகச் சொன்னாள், அந்த வளையத்தைப் பர்வீன் தன் கைக்காசில், அட்டையும் பலகையும் பொறுக்கி, வேலை நேரம் போகச் செய்தது என்று. அதில் பழகின பிள்ளைகள் பலபேர் மயக்க மருந்து இல்லாமலே நிஜ எந்திரத்தில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள் என்று. அன்றைக்கு மத்தியானம் ஜெசிக்கு நிஜ எந்திரத்தில் நேரம் குறித்திருந்தார்கள், காலையில் கடைசிப் பயிற்சி, தூங்கினால்கூட அசையாத அளவுக்குப் பிள்ளை தேறியிருந்தது என்று. சொல்லிவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு குழந்தையோடு வேடசந்தூருக்கு, அந்தக் கருங்காலி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் தங்கத்தான் போயிருக்கிறாள். வருவாள்.

நோட்டீசை ஏன் கொடுக்கவில்லை என்றால், நேரமில்லை. அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று என்னைக் கேட்காதே, நானா ஆஸ்பத்திரி நடத்துகிறேன்? மொட்டைத் தலைப் பையனின் தாய் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தாள். கும்பிடு போடுவாள் என்று நினைத்தேன். காறித் துப்பிவிட்டுப் போனாள். அவளுக்கு வர்க்க உணர்வு போதாது.

நம் தோழர் விஷயத்தைச் சொல்கிறேன். இப்போது அது எந்த வளையத்துக்குள்ளும் போக மறுக்கிறது. நிஜ எந்திரத்துக்கு ஒருமுறை கொண்டுபோனார்களாம். முதல் டக் சத்தத்துக்கே உடம்பு உதறி, வலிப்பு வந்து, கூண்டில் இடித்து உதடு கிழிந்துவிட்டது. வலிப்பு முன்பு எப்போதோ வரும், இப்போது அடிக்கடி வருகிறது. போன வாரம் ஒன்று நிற்கவே இல்லை, ஊசி போட்டு நிறுத்தினார்கள். மழைக்காலம் வேறு, நெஞ்சு கட்டிக்கொண்டு விசிலடிக்கிறது, மயக்க டாக்டர் இந்த நெஞ்சோடு தொடமாட்டேன் என்கிறார். அறுவை டாக்டர், படம் இல்லாமல் நான் குருடன், சீக்கிரம் கொண்டு வாங்க, ரொம்பத் தள்ளிப்போட்டால் அந்தத் தழும்பு மற்ற இடத்தையும் கெடுத்துவிடும் என்கிறார். பர்வீன் கைக்கட்டோடு வேடசந்தூருக்கே போய்ப் பார்த்திருக்கிறாள். வீட்டிலேயே ஒரு குகை செய்து வையுங்கள், மறுபடியும் பழக்கலாம் என்று சொல்லிச் சத்தத்தைப் பிலோமியின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

குழந்தையிடம் கேட்டார்களாம். வருவாயா, படுப்பாயா என்று. யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. நிபந்தனை, பார். என் பேத்தி இல்லையா? பிலோமி போனில் சொன்னாள். தகரத் தட்டு விழுந்த மாதிரி வறண்ட குரலில், குழந்தை சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"முதல்ல தாத்தா உள்ள படுக்கணும். நான் வெளிய நின்னு கட்டையால அடிப்பேன். தாத்தா அசையக் கூடாது. அசையலைன்னா நான் படுக்கிறேன்."

அதுதான் சூசை. அதற்குத்தான் ஆள் நீளம். குழந்தை அளவுக்கு என்றால் லாரன்சே ஒரு பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி வைத்திருப்பான்.

அவன் வீட்டு முற்றத்தில், ஊர் பார்க்க, நான் மல்லாந்து படுக்க வேண்டும். பல் போன வாயோடு அவன் நின்று வேடிக்கை பார்ப்பான். ஆனால் போவேன். இது மன்னிப்பு இல்லை, நீ வெளியே போய் அப்படிச் சொல்லிவிடாதே. குழந்தை விளையாட்டு. சிறையில் பட்டினி கிடந்தவனுக்குக் கொஞ்ச நேரம் படுத்திருப்பதா கஷ்டம்?

அளவு எடு. நின்று எடுத்தால் சரிவராது என்கிறாயா? அதோ மூடி போடாமல் ஒன்று வைத்திருக்கிறாயே, யாருடையது அது? சரி, யாருடையதாகவும் இருக்கட்டும், இதில் படுக்கப்போகிறவன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அதிலே படுக்கிறேன். கையைக் கொடு. ம். தோள் கொஞ்சம் இடிக்கிறது, இதைவிட அகலமாக வை. கால்? போதும். தகடு இருக்கிற பக்கம் பலகை குத்துகிறது.

நல்ல உளி வேலை. வாசனையாக இருக்கிறது.

சூசை, உளி தட்டுகிற அந்தக் கொட்டாப்புளியை எடு. எதற்கா? எனக்குப் பழக வேண்டாமா? தலைமாட்டில் நின்று ஓர் அடி அடி. நான் எப்படி இருக்கிறேன் என்று பார்த்துச் சொல். பயப்படாதே, அடி.

கையை விடுகிறேன், விடுகிறேன். நெரித்துவிட்டேனா? சிவந்து போயிற்றே. நீ சொல்லாமல் அடித்துவிட்டாய். நான்தான் அடி என்றேன், சரி, ஆனால் இன்ன நேரம் என்று சொல்ல வேண்டாமா? நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. உன் கழுத்தில் என் கை எப்படி வந்தது என்றும் தெரியவில்லை. பழக்கம் அது. கேட்டில் லத்தி விழுந்த காலத்திலிருந்து வந்த பழக்கம், வேறொன்றுமில்லை. உட்காரு. தண்ணீர் குடி.

மறுபடியும் படுக்கிறேன். இந்தத் தடவை கையை உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடு. குழந்தைக்கு அப்படிக் கட்டினார்களா? இல்லை. கட்டவில்லை. யாரும் பிடிக்கவுமில்லை. சரி, கயிறு வேண்டாம், எடுத்துவிடு.

மேலே என்ன இருக்கிறது? உன் ஓட்டில் ஒரு பொத்தல். அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடி.

அடி.

இன்னும் பலமாக. அந்தப் பிள்ளை பலமாகத்தான் அடிக்கும். மரம் என் காதுக்குப் பக்கத்தில் கிழிகிற மாதிரி அடி.

சூசை.

நான் அசையலதானே?

சொல். நான் கண்ணைத் துடைத்ததைக் கணக்கில் எடுக்காதே, தூள் விழுந்தது. தலை, தலை அசைந்ததா? ஒரு நெல் அளவா? அதற்கு மேலா?

சரி. மறுபடியும் அடி.